கிணற்றுக்குள் ஒரு நடைப்பயிற்சி

வெள்ளகோவில் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு முருங்கைக்காய் நினைவுக்கு வரும். விசைத்தறியின் ஓசை நினைவுக்கு வரும். எண்ணெய் ஆலைகள் நினைவுக்கு வரும். நீச்சல் யாருக்கும் நினைவுக்கு வராது. வானம் பார்த்த பூமி இது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடை எங்கள் பகுதி. வாய்க்காலில் தண்ணீர் வருமா, வந்தால் எத்தனை நாள் வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். வட்டமலைக்கரை ஓடையில் அணை கட்டியும் அது நிரம்பிக் கிடந்த ஆண்டுகளைவிட வறண்டு கிடந்த ஆண்டுகளே அதிகம். இப்படிப்பட்ட ஊரில் நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் நீந்தக் கற்றுக்கொண்டாள். அவள் என் தாய். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறிகள் ஓடுகின்றன. அம்மா பதினெட்டு வயதில் மருமகளாக வந்த நாள்முதல் அவற்றின் நடுவில் நின்றவள். தறிக்கு முன்னால் உட்கார முடியாது. நூல் அறுந்தால் ஓட வேண்டும்; தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்ற கால்கள் என்ன ஆகும்? முழங்கால் இரண்டும் தேய்ந்தன. அதோடு சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அந்தப் பத்துக் கோடியில் ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். “தினமும் அரை மணி நேரம் நடக்கோணும்மா” என்றார். அம்மாவும் நடந்தாள். முத்தூர் சாலையில் விடியற்காலையில் நடந்தாள். பத்தே நாளில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. நடந்தால் கால் போகிறது; நடக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.2 என்று சோதனைச் சீட்டில் வந்திருந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டியது அது. மருத்துவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, “நடக்க முடியலீன்னா நீந்தலாம். தண்ணிக்குள்ள முட்டிக்குப் பாரம் கெடையாது” என்று போகிற போக்கில் சொன்னார். அவர் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது.

விலங்கியல் படிக்கும் மாணவி என்ற முறையில் அந்தச் சொல்லின் பொருளைத் தேடிப் படித்தேன். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவர் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் தாங்குகின்றன. கழுத்தளவு நீரில் நிற்கும்போது பத்தில் ஒரு பங்குதான். மிதந்துவிட்டாலோ கால் மூட்டுக்கு அந்தச் சுமையும் இல்லை. ஆனால் உடலுக்கு வேலை இல்லையா என்றால் உண்டு. நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டு போக, கை, தோள், முதுகு, தொடை ஆகிய எல்லாத் தசைகளும் உழைக்க வேண்டும். உழைக்கும் தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. உழைப்பு முடிந்த பிறகும் ஒரு நாள் வரை அதன் பயன் நீடிக்கிறது. மூட்டைக் காப்பாற்றிக்கொண்டு தசையை வேலை வாங்கும் உடற்பயிற்சி இதைவிட வேறு எது?

ஆனால் எங்கே நீந்துவது? நகரத்தில் இருப்பவர்களுக்கு நீச்சல் குளம் உண்டு. 1995இல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது வேளச்சேரியில் கட்டிய குளத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். 50 மீட்டர் நீளம். தரையில் கறுப்புக் கோடு. இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் போய் வந்துகொண்டே இருப்பார்கள். தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறிப்போய்க் குளத்தில் நீந்திவிட்டு வர எங்களால் ஆகுமா? எங்களிடம் இருந்தது ஒரு கிணறுதான்.

அது என் அப்பாறு காலத்துக் கிணறு. 40 அடி நீளம், 30 அடி அகலம். ஒரு காலத்தில் அதில் கவலை ஓடியது. பிறகு மோட்டார் வந்தது. மழைக்காலத்தில் பாதிக் கிணறு நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஊற்று இன்னும் கூடும். எட்டு வயதில் எனக்கு அப்பாறு அங்கேதான் நீச்சல் கற்றுத் தந்தார். முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, “காலை அடி கண்ணு, காலை அடி” என்று மேலிருந்து சத்தம் போடுவார். ஒரே கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டேன். என் அண்ணனும் நானும் போட்டி போட்டுக் குதித்தோம். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், “இனிமேல் நீ கெணத்துல எறங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் தொடர்ந்து குதித்தான். நான் மேட்டில் நின்று பார்த்தேன்.

அம்மா அந்த மேட்டுக்குக்கூட வந்தவளல்லள். அதற்குக் காரணம் இருந்தது. அவள் ஒன்பது வயதாக இருந்தபோது, தாராபுரம் பக்கத்தில் இருந்த அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் அவளுடைய தம்பி தவறி விழுந்தான். ஆறு வயதுப் பையன். உடன் விளையாடிக்கொண்டிருந்தவள் அம்மாதான். கூச்சல் போட்டாள். காட்டில் இருந்தவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கண்முன்னே தத்தளித்தவனுக்கு ஒரு கை நீட்ட முடியாமல் நின்ற அந்தப் பெண், அதற்குப் பிறகு கிணறு என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டாள். மோட்டார் போட வேண்டுமென்றால் என்னை அனுப்புவாள். அப்படிப்பட்டவளிடம் போய், “அம்மா, நீ கிணற்றில் இறங்கி நீந்த வேண்டும்” என்று நான் எப்படிச் சொல்வேன்?

சொன்னேன். “எனக்கு வேண்டாஞ்சாமி” என்றாள். அப்பாவோ, “ஊருக்குள்ள என்னன்னு பேசுவாங்க?” என்றார். எனக்குத் துணை வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “கவலை ஓட்டுன காலத்துல நாங்கெல்லாம் கெணத்துல எறங்கித்தான் துணி தொவைச்சோம், குளிச்சோம். அப்பப் பேசாத ஊரு இப்பப் பேசுதாக்கும்? கால் போயிட்டா ஊரா வந்து தூக்கி உடும்?” அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் விடையில்லை. அம்மாவிடமும் இல்லை.

ஐப்பசி மழையில் கிணறு ஏறியது. கார்த்திகையில் ஒரு விடியற்காலை தொடங்கினோம். முதலில் மோட்டாரை நிறுத்தி ஃபியூஸ் கட்டையைக் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டேன். மின்சாரமும் தண்ணீரும் ஓரிடத்தில் இருக்கும்போது கவனம் தப்பலாகாது. லாரி டியூபில் காற்றடித்து மிதக்க விட்டோம். அண்ணன் கயிற்றோடு மேலே நின்றான். நான் தண்ணீரில் இருந்தேன். அண்ணனின் பழைய சட்டையையும் என் சுடிதார்க் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு அம்மா படியில் உட்கார்ந்தாள். அன்று கணுக்கால் வரையில்தான் நனைத்தாள். அதற்கே அவள் கை நடுங்கியது. அடுத்த நாள் முழங்கால். அதற்கடுத்த வாரம் இடுப்பு. மார்கழிக் குளிரில் வெளியே நிற்பதைவிடக் கிணற்று நீருக்குள் இருப்பது வெதுவெதுப்பாக இருந்தது என்பதும் எங்களுக்கு உதவியது.

மிதப்பதற்கு வலிமை வேண்டாம், நம்பிக்கைதான் வேண்டும். மூச்சை நிறைய இழுத்து நெஞ்சில் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உடல் தானே மேலே வரும். அச்சத்தில் தலையைத் தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் உடல் தாழும். இதை நான் புத்தகத்தில் படித்ததுபோல் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பிறகு அவள் தலைக்கடியில் என் உள்ளங்கையை வைத்து, “வானத்தைப் பாரும்மா” என்றேன். கிணற்றின் நான்கு சுவர்களுக்கு நடுவே தெரிந்த சதுர வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அவள் மிதந்துகொண்டிருந்தாள்.

முதலில் தவளை நீச்சல் சொல்லித் தந்தேன். 1875இல் மாத்யூ வெப் என்ற மாலுமி ஆங்கிலக் கால்வாயை ஏறத்தாழ 22 மணி நேரத்தில் நீந்திக் கடந்தது இந்த நீச்சலில்தான். ஆனால் அது அம்மாவுக்குப் பொருந்தவில்லை. தவளையைப்போல் காலை அகட்டி உதைக்கும்போது முழங்காலின் உட்பக்கம் இழுத்து வலித்தது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த உதை ஆகாது என்பதை அதன் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். எனவே மல்லாந்த நீச்சலுக்கு மாறினோம். இடுப்பிலிருந்து காலை மெல்ல மாற்றி மாற்றி அடிப்பது. கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்த் தள்ளுவது. இதில் வலி இல்லை. முகமும் நீருக்கு மேல் இருக்கும். ஆனால் ஒரு சிக்கல். பின்பக்கம் தெரியாது. கல் சுவரில் தலை மோதும். நீச்சல் குளங்களில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் மேலே வண்ணக் கொடிகள் கட்டியிருப்பார்கள். மல்லாந்து வருபவர் அதைப் பார்த்ததும் சுவர் நெருங்கிவிட்டதை அறிவார். நாங்களும் அப்படியே செய்தோம். கிணற்றின் குறுக்கே, சுவருக்கு ஆறடி முன்னால் ஒரு கயிறு. அதில் தறியில் மிஞ்சிய துணித் துண்டுகள். சிவப்புத் துணி தலைக்கு மேல் தெரிந்தால் அம்மா கையை நீட்டிக் கல்லைத் தொடுவாள்.

தை மாதத்தில் அவள் தனியே 40 அடியைக் கடந்தாள். கல்லைத் தொட்டவள் அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, “நாலு கை தூரந்தான் இருந்துச்சு. எனக்கு இது தெரிஞ்சிருந்தா அவன் இருந்திருப்பான்” என்றாள். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு தம்பியைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொன்ன சொல் அது. உடற்பயிற்சிக்காக நீரில் இறங்கினோம் என்று நான் எண்ணியிருந்தேன். அவள் எதற்காக இறங்கினாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பங்குனியில் கிணறு இறங்கியது. சித்திரையில் சேறும் எட்டடித் தண்ணீரும்தான். நீச்சல் நின்றது. மாசியில் 8.1ஆக இறங்கியிருந்த சர்க்கரைச் சராசரி, கோடை முடிவில் 8.8க்கு ஏறியது. வானம் பார்த்த பூமியில் பயிர் மட்டுமா வானத்தை நம்பி இருக்கிறது? என் தாயின் உடலும் மழையை நம்பி இருந்தது. அந்தக் கோடையில் அம்மா தறிக்கொட்டகையிலிருந்து வரும்போதெல்லாம் மேற்கே பார்ப்பாள். மீண்டும் ஐப்பசியில் கிணறு ஏறியதும் யாரும் அழைக்காமலே டியூபைத் தேடி எடுத்தவள் அவள்தான்.

இரண்டாம் ஆண்டில் கணக்கு வைத்தோம். ஒரு தடவை கடந்தால் படியில் ஒரு புளியங்கொட்டை. பத்துக் கொட்டையில் தொடங்கி, மாசியில் ஐம்பது கொட்டைக்கு வந்தாள். ஐம்பது முறை 40 அடி என்றால் 2,000 அடி. அதாவது ஏறத்தாழ 610 மீட்டர். பெரிய குளத்தில் பன்னிரண்டு நீளம். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, 40 நிமிடம் ஆகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். அம்மா கணக்கில் அது ஐம்பது நாள். அந்தப் பாக் நீரிணையை 1954இல் முதன்முதலாக நீந்திக் கடந்தவர் இலங்கைத் தமிழரான நவரத்தினசாமி. 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவும் நீந்தினார். 1959இல் ஆரத்தி சாகா ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, அதைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். நம் பக்கத்து ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், பன்னிரண்டு வயதில் அதே கால்வாயைக் கடந்தார். இவர்களையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். “அவங்களுக்குப் பின்னால சோறாக்கற வேலை இருந்துச்சா?” என்று கேட்டாள்.

எடை குறைந்ததா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மாவின் எடை 72 கிலோ. அந்த வேகத்தில் 40 நிமிடம் நீந்தினால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். அப்படியானால் 38, 39 நாள் நீந்தினால் ஒரு கிலோ. அதுவும் சாப்பாடு கூடாமல் இருந்தால்! குளிர்ந்த நீரிலிருந்து எழுந்தவுடன் பசி எப்படி இருக்கும் என்பது கிணற்றில் குதித்த எல்லோருக்கும் தெரியும். நான்கு இட்லியில் நீந்தியது அத்தனையும் திரும்பி வந்துவிடும். முதல் மாதம் எடை கால் கிலோ கூடியது! பிறகுதான் விழித்துக்கொண்டு, நீந்தி வந்ததும் முதலில் மோர், அரை மணி கழித்து அளவோடு பலகாரம் என்று வைத்துக்கொண்டோம். பருவம் முழுவதும் நீந்திக் குறைந்தது இரண்டு கிலோ. இது பெரிய குறைவன்று. ஆனால் சர்க்கரைச் சராசரி 7.3க்கு வந்தது. முழங்கால் வீக்கம் வற்றியது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை, நிறுத்தவும் இல்லை. மாத்திரையை விட்டுவிட்டு நீந்தினால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இன்னும் சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தேர்ந்தவரானாலும் கிணற்றில் தனியே இறங்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் நீந்தக் கூடாது. மாத்திரையின் வேகத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வந்தால் நீருக்குள் அது உயிருக்கே ஆபத்து. அம்மா ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுத்தான் இறங்குவாள். படியில் ஒரு டப்பாவில் சர்க்கரையும் இருக்கும். காலில் புண் இருக்கிறதா என்று இறங்குமுன்னும் ஏறிய பின்னும் பார்க்க வேண்டும். நெஞ்சு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

தோழியரே, இதை எழுதுவதற்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். “நீந்தத் தெரிந்தவர்கள் யார்?” மாணவர்களில் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். மாணவியர் முப்பத்தோரு பேரில் ஐந்து பேர் தூக்கினோம். அந்த ஐவரில் நால்வரைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிறுத்திவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அந்த ஆண்டுதான் ஐ.நா. சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. கிணறும் வாய்க்காலும் உள்ள ஊரில் பிறந்த பெண், தன்னையும் காத்து இன்னொரு பிள்ளையையும் காக்க நீந்தத் தெரிந்திருக்க வேண்டாமா? உடல்நலத்துக்காகவும் கற்கலாம், உயிருக்காகக் கட்டாயம் கற்க வேண்டும். நம் கல்லூரிக்கு ஒரு நீச்சல் குளம் கேட்பது பேராசையாகத் தோன்றலாம். கேட்கத் தொடங்கினால்தானே ஒரு நாள் கிடைக்கும்?

இந்தப் பருவத்தில் எங்கள் கிணற்றுக்குப் பக்கத்துத் தறிக்கொட்டகையிலிருந்து இரண்டு அக்காமார் வருகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி, ஒருவருக்குச் சர்க்கரை. அவர்களுக்குக் கற்றுத் தருவது நானல்லேன். எனக்குத் தேர்வு நெருங்கிவிட்டது. நேற்று விடியலில் ஃபியூஸ் கட்டையைக் கொடுக்க மேட்டுக்குப் போனேன். கீழே நீரில் நின்றுகொண்டு, படியில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் தலைக்கடியில் உள்ளங்கையை வைத்தபடி, அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: “பயப்படாத. நாம் புடிச்சிருக்கறேன். வானத்தைப் பாரு.”